ஊசிக்கும் நீர்மட்டம் உண்டு

தேனிப் பக்கத்து ஆசாமியை எந்த ஊரில் கொண்டுபோய் விட்டாலும் சரி, காலையில் பேப்பரைப் பிரித்ததும் அவன் கண் தேடிப் போகிற இடம் ஒன்று உண்டு. தலைப்புச் செய்தி இல்லை. சினிமா விளம்பரம்கூட இல்லை. மூலையில் பொடி எழுத்தில் 'அணைகளின் நீர்மட்டம்' என்று போட்டிருப்பார்களே, அதுதான். பெரியாறு எத்தனை, வைகை எத்தனை என்று பார்த்துவிட்டு, என்னவோ அவன் கையில்தான் மதகுச் சாவி இருக்கிற மாதிரி ஒரு 'ம்' கொட்டிவிட்டு அப்புறம்தான் அடுத்த பக்கம் புரட்டுவான்.

வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. தண்ணீர் 66 அடியைத் தொட்டால் கரையோரத்து ஜனங்களுக்கு முதல் எச்சரிக்கை. 68.5 அடிக்கு இரண்டாவது. 69 அடிக்கு மூன்றாவது. அதற்குமேல் ஆற்றில் துணி துவைத்துக் கொண்டிருப்பவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடேற வேண்டியதுதான். 1959-ல் அந்த அணையைத் திறந்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை யாராவது அதனிடம் போய், "உன்னைக் கட்டியாச்சே, அப்புறம் வருசநாட்டு மலையில் எப்படி மழை பெய்யலாம்?" என்று சண்டை பிடித்ததுண்டா? கிடையாது. அணை மழையை நிறுத்தாது, வெள்ளத்தைத்தான் குறைக்கும் என்பது ஆடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும்.

இதே நியாயத்தை ஓர் ஊசிக்குத் தருவதற்கு மட்டும் நமக்கு மனசு வருவதில்லை.

ஆபீஸ் கோஷ்டியோடு குடும்ப சகிதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைகை அணைப் பூங்காவுக்குப் போயிருந்தோம். புளியோதரை, பொரித்த மீன், கொஞ்சம் மேலதிகாரி பற்றிய வம்பு. எங்கள் கேஷியர் ஆண்டிபட்டிக்காரர். மூன்று உருப்படிகளோடு வந்திருந்தார். ஏழு வயதில் மகள், ஒன்றரை வயதில் மகன், கொழுந்தியாளின் நாலு மாசக் கைக்குழந்தை. மூன்று மூக்கிலும் மதகு திறந்திருந்தது.

"அண்ணே, டாக்டர் ஃப்ளூ ஊசி போடச் சொல்றாரு. ஆயிரத்துக்கு மேல ஆகுமாம். போட்டா காய்ச்சல் வராதா, வருமா? வராதுன்னா போட்டுர்றேன். வரும்னா எதுக்குண்ணே போடணும்?"

அவர் மாமியார் சும்மா இருப்பாரா? "எங்க காலத்துல ஏதுய்யா ஊசி? சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் குடுத்தா மூணு நாள்ல ஓடிப் போயிரும்."

நான் டாக்டர் இல்லை. லெட்ஜர் எழுதுகிறவன். ஆனால் கேஷியர் கேட்டது மருத்துவக் கேள்வி மாதிரி தோன்றினாலும் உள்ளே இருப்பது சுத்தமான கணக்கு. ஆகவே துணிந்து இறங்குகிறேன்.

முதலில் மாமியார் கட்சி. அந்தம்மா சொன்னதில் பாதி சரி. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வருகிற ஜலதோஷத்தில் பெரும்பகுதி ஃப்ளூவே இல்லை. வேறு பல கிருமிகளின் கைங்கரியம். அவை சுக்கு கொடுத்தாலும் போகும், கொடுக்காவிட்டாலும் போகும். ஃப்ளூ ஊசி அவற்றை ஒன்றும் செய்யாது. "ஊசி போட்டும் சளி பிடிச்சுது சார்" என்கிற புகாரில் பாதி இப்படி வருவதுதான். ஆண்டிபட்டிக்குக் கட்டின அணை காவிரி வெள்ளத்தைத் தடுக்கவில்லை என்று குறைப்பட்டால் எப்படி?

நிஜ ஃப்ளூ வேறு ஜாதி. இன்ஃப்ளூயன்சா என்பது அதன் முழுப் பெயர். 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு கப்பலோடு மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து தேசம் முழுக்கக் கிளம்பியது ஒரு புது ரகம். 1958 பிப்ரவரிக்குள் அரசாங்கக் கணக்கில் ஏறிய நோயாளிகள் மட்டும் 44 லட்சத்துக்கு மேல், சாவு ஆயிரத்துக்கு மேல். மூன்று நாளில் ஓடிப் போகிற சமாசாரமில்லை. குழந்தைகளிடம் அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. அதிலும் சின்ன மார்பு, சின்ன மூச்சுக்குழாய் என்றால் ஆபத்து அதிகம்.

சரி, ஊசி எவ்வளவு காப்பாற்றும்? எல்லா வயசுக்கும் ஒரே விடை கிடையாது. கேஷியரின் மூன்று உருப்படிகளையும் வரிசையாக நிறுத்துவோம்.

ஏழு வயது மகள். இவள் கணக்கு கொஞ்சம் திருப்தியானது. மூன்று முதல் எட்டு வயதுவரை உள்ள ஐயாயிரத்துச் சொச்சம் குழந்தைகளை வைத்து எட்டு நாடுகளில் நடந்த ஒரு பரிசோதனை 2013-ல் வெளியானது. ஊசி 100-க்கு 59 பங்கு ஃப்ளூவைத் தடுத்தது. கொஞ்சம் கடுமையான ஃப்ளூவை மட்டும் எடுத்துக்கொண்டால் 70-க்கும் மேல். பல ஆராய்ச்சிகளை ஒன்றாகக் கட்டி அலசுகிற காக்ரேன் அமைப்பு 2018-ல் வேறு விதமாகச் சொன்னது. இரண்டு முதல் பதினாறு வயதுவரை, ஊசி போடாத நூறு பிள்ளைகளில் 30 பேருக்கு ஃப்ளூ வந்தால், போட்ட நூறு பேரில் 11 பேருக்கு வருகிறது. அதாவது 19 பேர் தப்புகிறார்கள். மீதி 70 பேருக்கு ஊசி இல்லாமலே வந்திருக்காது. அந்த 19-ல் உங்கள் பெண் இருக்கிறாளா என்று எந்த ஜோசியரும் சொல்ல முடியாது.

ஒன்றரை வயது மகன். இங்கே நீர்மட்டம் கொஞ்சம் இறங்குகிறது. ஆறு மாதம் முதல் மூன்று வயதுக்குள் இருக்கிற 12,000 குழந்தைகளை வைத்து 13 நாடுகளில் ஆராய்ந்தார்கள். இந்தியாவும் அதில் உண்டு. 2018-ல் வெளியான முடிவு: மொத்த ஃப்ளூவில் பாதியைத் தடுத்தது, கடுமையான ஃப்ளூவில் 63 சதவிகிதத்தை. காரணம் எளிது. ஒன்றரை வயசு உடம்பு அந்தக் கிருமியை ஜென்மத்தில் பார்த்ததில்லை. முதல் டோஸ் வெறும் அறிமுகம். "இவர்தான் இன்ஃப்ளூயன்சா, முகத்தை நல்லா பார்த்துக்கோ." நாலு வாரம் கழித்துப் போடுகிற இரண்டாவது டோஸில்தான் முகம் மனப்பாடம் ஆகிறது. அதனால்தான் ஒன்பது வயது நிரம்பாத பிள்ளைக்கு முதல் தடவை போடும்போது இரண்டு டோஸ் என்கிறார்கள். கேஷியரின் மகளுக்கும் இதே விதிதான். அடுத்த வருஷம் முதல் ஒன்று போதும். முதலாவதைப் போட்டுவிட்டு இரண்டாவதை மறந்துபோகிற அப்பாமார், பாதி கட்டின அணையைப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள்.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. இதே பொடிசுகள் 786 பேரை வைத்து இரண்டு குளிர்காலம் பார்த்தார்கள். 1999-2000-ல் ஊசி 66 சதவிகிதம் தடுத்தது. அடுத்த வருஷம் ஊசி போட்டவனுக்கும் போடாதவனுக்கும் வித்தியாசமே இல்லை. ஊசி கெட்டுப் போய்விட்டதா? இல்லை சார், அந்த வருஷம் அந்த ஊரில் ஃப்ளூவே அதிகம் வரவில்லை. மழை பொய்த்த வருஷத்தில் அணை என்ன கிழித்தது என்று கேட்கிற கதை.

ஆக, வயசு ஒரு பக்கம் என்றால் வருஷம் இன்னொரு பக்கம். ஃப்ளூக் கிருமி சட்டை மாற்றுகிற பேர்வழி. உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை கூடி, 'அடுத்த சீசனுக்கு இந்தச் சட்டையில் வருவான்' என்று ஊகித்துச் சொல்கிறது. அதை வைத்து ஊசி தயாராகிறது. ஊகம் பலித்தால் நல்ல காவல். பலிக்காவிட்டால் சுமார். நம் நாட்டிலேயே இதற்கு அத்தாட்சி உண்டு. ஹரியானாவில் பல்லப்கர் பக்கத்துக் கிராமங்களில் ஆறு மாதம் முதல் பத்து வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு மூன்று வருஷம் தொடர்ந்து போட்டுப் பார்த்தார்கள். முதல் வருஷம் தடுத்தது சுமார் 26 சதவிகிதம். இரண்டாவது 41. மூன்றாவது 74. முதல் வருஷம் 2009, பன்றிக் காய்ச்சல் உலகத்தைச் சுற்றி வந்த சமயம். அந்தப் புதுக் கிருமிக்கு அன்றைய ஊசியில் இடமே இல்லை.

கேஷியர் இதுவரை பொறுமையாகக் கேட்டார். "பாதிதான் தடுக்குமா?" என்று உதட்டைப் பிதுக்கினார். பாதி வட்டி தள்ளுபடி என்று பேங்கில் சொன்னால் இந்த மனுஷன் மாலை வாங்கிக்கொண்டு ஓடுவார்.

இப்போது மூன்றாவது உருப்படி. நாலு மாசப் பாப்பா. இந்தக் கட்டுரையை எழுதினதே இதற்காகத்தான்.

ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி கிடையாது. ஆயிரம் இல்லை, லட்சம் கொடுத்தாலும் கிடையாது. ஃப்ளூ வந்தால் ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் போகிற வாய்ப்பு மிக அதிகமாக இருக்கிற வயசு எதுவோ, அந்த வயசுக்கு அணையே கட்டப்படவில்லை.

ஒரு குறுக்கு வழி உண்டு. கர்ப்பமாக இருக்கும்போது அம்மாவுக்குப் போட்டால், அந்தக் காவலில் கொஞ்சம் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போய்ச் சேர்கிறது. பங்களாதேஷில் 340 தாய்மார்களை வைத்துப் பார்த்து 2008-ல் வெளியிட்டார்கள். அம்மாக்களுக்குப் போட்ட ஊசி, பிறந்த குழந்தைகளுக்கு முதல் ஆறு மாதத்தில் வருகிற ஃப்ளூவை 63 சதவிகிதம் குறைத்தது. அந்த வாய்ப்பு தவறிப்போன வீட்டில் மிச்சமிருப்பது ஒரே வழி. பாப்பாவைத் தூக்கிக் கொஞ்சுகிறவர்கள் அத்தனை பேரும் சுத்தமாக இருக்க வேண்டும். அண்ணன், அக்கா, அப்பா, ஆபீஸிலிருந்து பஸ்ஸில் இருமல்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டு வந்து, சட்டைகூட மாற்றாமல் குழந்தையை வாரி முத்தம் கொடுக்கிற சித்தப்பா உள்பட. இளைஞர்களே, அந்தச் சித்தப்பா நீங்கள்தான். பெரியவர்களும் போட்டுக்கொள்ளலாம். அதுகூட வேண்டாம், இருமல் இருக்கும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு நாள் முத்தத்தைத் தள்ளிப் போட்டாலே புண்ணியம்.

எப்போது போடுவது? இந்தியா முழுக்க ஒரே சீசன் இல்லை. டெல்லியில் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று போகும். சென்னை, வேலூரில் ஆராய்ந்ததில் உச்சம் அக்டோபர், நவம்பர். நம் வடகிழக்குப் பருவமழை சமயம். வைகை அணைக்குத் தண்ணீர் வருகிற அதே காலம்! ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் பிடிக்கும். முதல் தடவைக்காரப் பிள்ளைகளுக்கு டோஸ் இரண்டு, நடுவில் நாலு வாரம். கூட்டிக் கழித்தால் ஆகஸ்டில் ஆரம்பிப்பது உத்தமம். மூன்றாவது எச்சரிக்கைச் சங்கு ஊதினபிறகு மண்மூட்டை தேடக் கூடாது.

தேசிய இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது கிடையாது. காசு நம்முடையது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை வருஷாவருஷம் போடச் சொல்கிறது. ஐந்துக்கு மேல் என்றால் ஆஸ்துமா, இருதயக் கோளாறு போன்ற சங்கடம் உள்ள பிள்ளைகளுக்கு அவசியம். ஆகவே பர்ஸ் இளைத்த மாதத்தில் கேஷியருக்கு என் வரிசை இதுதான்: முதலில் ஒன்றரை வயசுப் பையன். அவன் நிற்காமல் ஓடி வந்து பாப்பாவின் கன்னத்தில் மூக்கைத் துடைக்கிறவன். அவனுக்குப் போடுவது இரண்டு பேருக்குப் போடுகிற மாதிரி. அப்புறம் மகள். கடைசி வார்த்தை அவர்களுடைய டாக்டருடையது.

ஊசி போட்டிருந்தாலும் சரி, போடாவிட்டாலும் சரி, சிலவற்றைப் பார்த்தால் சுக்கையும் கணக்கையும் ஓரம் கட்டிவிடுங்கள். மூச்சு இழுக்கும்போது விலா உள்வாங்குவது, பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, உதடு நீலம் பாரிப்பது. அப்போது ஆண்டிபட்டிக்காரர் க.விலக்கு பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும், உடனே. இன்னொன்று, காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்துக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

எல்லாம் கேட்ட கேஷியர் மனசுக்குள் ஏதோ கூட்டிப் பார்த்தார். பையனுக்கு இரண்டு டோஸ், மகளுக்கு இரண்டு டோஸ். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, தீபாவளி அட்வான்சை இந்த வருஷம் ஆகஸ்ட்லயே கேட்டா குடுப்பாங்களா?" என்றார்.

அதற்குப் புள்ளிவிவரம் எதுவும் என்னிடம் இல்லை.