குட்டிச் சொற்களுக்கு அஞ்சலாமா?

ஆங்கில வினைச்சொற்களுக்கு நாம் அஞ்சுவதில்லை. அவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் ‘அப்’, ‘இன்’, ‘ஆஃப்’ போன்ற குட்டிச் சொற்களுக்கே அஞ்சுகிறோம். ‘கிவ்’ என்றால் கொடு. ‘கிவ் அப்’ என்றால் கைவிடு. ‘கிவ் இன்’ என்றால் பணிந்துபோ. கொடுத்தல் எங்கே போயிற்று?

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. அயல்மொழியினர்க்கு மிகுந்த இடர் தருவது இதுவே என்று டாக்டர் சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டுள்ளார்.

நாமோ தேர்வுக்காக இவற்றைப் பட்டியலிட்டு உருப்போடுகிறோம். ‘புட் ஆஃப்’ என்றால் ஒத்திவை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆயினும் வகுப்பில் ‘புட் ஆஃப் இட்’ என்று கூறி நகைப்புக்கு ஆளானேன். ‘புட் ஆஃப் த மீட்டிங்’, ‘புட் த மீட்டிங் ஆஃப்’ இரண்டும் சரி. ஆனால் ‘இட்’ வந்தால் நடுவில்தான் நிற்க வேண்டும். ‘லுக் ஆஃப்டர்’ என்பதிலோ அது இறுதியில்தான் வரும். இதையெல்லாம் பட்டியல் சொல்லித் தருவதில்லை.

தமிழர்களாகிய நாம் இதற்கு மலைக்கலாமா? ‘பார்’ என்பதோடு ‘கொள்’ சேர்ந்து ‘பார்த்துக்கொள்’ ஆகும்போது பொருள் மாறவில்லையா? ‘லுக் ஆஃப்டர்’ என்பதும் அதுவேதானே! ‘விட்டுக்கொடு’ என்னும்போது விடுவதையும் கொடுப்பதையும் தனித்தனியே எண்ணியா பொருள் கொள்கிறோம்? இவற்றை வீட்டில் கேட்டும் பேசியும் கற்றோம், உருப்போட்டு அன்று.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: பொருளை மட்டும் எழுதிப்போடாமல், முழு வாக்கியங்களாக எங்களைப் பேசவையுங்கள். நண்பர்களே, பிழை நேருமே என்று வாய்மூடி இராதீர்கள். ‘கிவ் அப்’ என்பதை அறிந்துகொண்டால் போதும். அதைச் செய்ய வேண்டாம்!