நிறம் என்பது கோழியின் பாஸ்புக்

வங்கியில் இருந்த காலத்தில் மார்ச் கடைசி வந்தால் ஒரு கூத்து நடக்கும். தெரிந்தவர்களிடம் கெஞ்சி நாலு நாளைக்கு டெபாசிட் வாங்கிக் கணக்கைப் பெருக்கிக் காட்டுவோம். ஏப்ரல் பிறந்ததும் பணம் போய்விடும்.

அந்த ஜோடனை இப்போது நம்ம கோழிக்கும் வந்தாச்சு. மஞ்சள் கரு ஆரஞ்சாகத் தெரிய தீவனத்தில் நிறப்பொடி கலக்கலாமா என்று இயற்கை விவசாயிகளே கேட்கிறார்கள். கூடாது என்பது என் கட்சி.

நானும் தப்பு செய்தவன்தான். முதல் வருஷம் கீரிக்குப் பயந்து இருபது நாட்டுக்கோழியைக் கூண்டிலேயே அடைத்து, குருணையும் தவிடும் மட்டும் போட்டேன். சில மாதத்தில் மஞ்சள் கால்கள் வெளுத்தன. புதிதாக முளைத்த இறகிலும் மினுமினுப்பு இல்லை. பக்கத்துத் தோட்டத்து ஆத்தா பார்த்துட்டு, "ஏங் கண்ணு, செயில்ல போட்டா வெளுக்காம என்ன பண்ணும்?" என்றார்.

விஷயம் இதுதான். இறகின் கருப்பும் பழுப்பும் மெலனின். அதைக் கோழியின் உடம்பே செய்யும். ஆனால் அதற்குச் சத்து வேணும். லைசின் என்ற புரதச்சத்தோ செம்புச்சத்தோ குறைந்தால் நிறக்கோழிக்கும் வெள்ளை இறகு முளைக்கலாம். மஞ்சளும் ஆரஞ்சும் தருகிற கரோட்டினாய்டை எந்தப் பறவையும் தானே செய்ய முடியாது, தின்றுதான் ஆகணும். கூண்டில் வளரும் பூநாரை அது கிடைக்காவிட்டால் வெளுத்துப்போகும். கோழிக்கு அது இறகில் சேராது. கால், அலகு, மஞ்சள் கருவில் சேரும். அது கீரையிலும் மக்காச்சோளத்திலும் இருக்கு, குருணையில் இல்லை.

வெயில் நிறம் பூசாது. வைட்டமின் டி தந்து எலும்பையும் முட்டை ஓட்டையும் உறுதியாக்கும். நாள் முழுக்கக் கொளுத்தினால் கருப்பு இறகு செம்பட்டையாகும். அதனால் மர நிழலும் வேணும்.

கூண்டைத் திறந்தேன். முருங்கைக்கீரை, அகத்தி, மக்காச்சோளம், கரையான் என்று தின்றன. கால் சீக்கிரமே மஞ்சளானது. இறகுக்குப் பொறுமை வேணும். முளைத்து முடிந்த இறகு உயிரில்லாதது. இன்று போட்ட டெபாசிட்டுக்கு, பழைய இறகு உதிர்ந்து புதுசு முளைக்கும்போதுதான் வட்டி கிடைக்கும்.

இன்னொன்று: விடாமல் முட்டையிடும் கோழிக்குக் கால் வெளுப்பது இயல்பு. காலில் இருந்த மஞ்சள் முட்டைக்குப் போகிறது. அதைப் பார்த்துப் பயந்து விற்றுவிடாதீர்கள்.

பாஸ்புக்கில் பேனாவால் எழுதினால் பணம் சேருமா? நிறப்பொடியும் அப்படித்தான். வாடிக்கையாளர் கருவின் நிறத்தைக் கேட்டால், தோட்டத்துக்குக் கூட்டிவந்து கோழி மேய்வதைக் காட்டுங்கள். நம்மிடம் உள்ள ஒரே மூலதனம் நம்பிக்கை. அதற்குச் சாயம் பூசக்கூடாது.