'வெனோஸ்' என்றால் என்ன, டாக்டர்?

ஜெர்மன் மருத்துவர்களிடம் 'வெனோஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது. லத்தீன் 'வேனா'விலிருந்து வந்தது. சிரை சம்பந்தப்பட்டது என்று அர்த்தம். சிரை எது என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். இதயத்திலிருந்து கொண்டுபோவது தமனி. அதற்கு அங்கே 'ஆர்டெரியெல்' என்பார்கள்.

இந்த லத்தீன் பந்தா எதற்கு, மக்கள் பேசும் ஜெர்மனிலேயே எழுதலாமே என்பது ஒரு கட்சி. காலில் ஆறாத புண்ணுக்கு அங்கே 'ஓஃபனெஸ் பைன்' என்று பெயர். 'திறந்த கால்'! எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆபத்தான எளிமை.

சிரையின் வால்வுகள் கெட்டால் ரத்தம் காலில் தேங்கிப் புண்ணாகும். இதற்கு இறுக்கமான கட்டோ உறையோ போட வேண்டும். தமனி அடைத்துக்கொண்டால் கால்வரை ரத்தமே போகாது. அங்கேயும் புண் வரும். அடைப்பு மோசமாக இருக்கும்போது அதன்மேல் இறுக்கிக் கட்டினால், போகிற கொஞ்ச ரத்தமும் நின்று காலே போகலாம். 'திறந்த கால்' என்ற பெயர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. பிரித்துச் சொல்வது அந்த லத்தீன் சொல்தான். அதையா தூக்கி எறிவது?

இன்னொரு கட்சி இதைவிட மோசம். 'வெனோஸ் என்று எழுதியாயிற்று, நோயாளிக்குப் புரிந்து என்ன ஆகப்போகிறது?' என்பவர்கள். ஐயா, வீட்டில் உறையை மாட்டப்போவது யார், டாக்டரா? எதற்கு மாட்டுகிறோம் என்று தெரியாதவர், பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் 'திறந்த கால்' என்று தன் உறையைக் கழற்றிக் கொடுத்தால்?

சிகிச்சைக்கு முன் நோயாளிக்குப் புரியும்படி விளக்க வேண்டும் என்று 2013-லேயே ஜெர்மன் சிவில் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பும் கடிதம் இன்னமும் டாக்டருக்கு டாக்டர் எழுதுவதாகவே இருக்கிறது. 2011-ல் டிரெஸ்டனில் மருத்துவ மாணவர்கள் 'வாஸ் ஹாப் இஷ்?' (எனக்கு என்ன?) என்று ஒரு இணையதளம் தொடங்கி, இப்படிப்பட்ட அறிக்கைகளை எளிய ஜெர்மனில் இலவசமாக எழுதிக் கொடுத்தார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் டாக்டர் எழுதியதைப் புரியவைக்க மாணவர்கள் தேவைப்பட்டது யாருக்கு வெட்கம்?

'வெனோஸ்' இருக்கட்டும். பக்கத்திலேயே ஒரு வரி சேருங்கள்: 'கால் சிரையின் வால்வு சரியாக மூடவில்லை, ரத்தம் கீழே தேங்குகிறது, அதனால்தான் இந்த உறை.' இதை எழுத எவ்வளவு மை செலவாகும்?