வாய் திறந்து சொன்ன வணக்கம்

நம் பள்ளியின் மாடிப்படிகளில் பேசக் கூடாது என்பது எல்லோரும் அறிந்த விதி. ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக, தலை குனிந்து, ஓசையின்றி ஏற வேண்டும். அப்படியே ஏறி இறங்கி வளர்ந்த பழைய மாணவிகள் நாங்கள் இருவர், மேற்படிப்புக்காக இத்தாலி நாட்டின் பதுவா நகருக்குச் சென்றோம். அங்கே குடியிருந்த வீட்டின் மாடிப்படிகளிலும் அப்படியே ஏறினோம். அதனால் ஒரு மூதாட்டியின் மனம் புண்பட்டது. அந்தக் கதையையும், அதிலிருந்து நாங்கள் கொண்ட கருத்தையும் இம்மலரின் வாசகர்முன் வைக்க விரும்புகிறோம். அயல்நாட்டில் படிக்கச் செல்கிறவள் பாடநூலைத் திறப்பதற்கு முன் தன் வாயைத் திறக்க வேண்டும்; அதுவும் அந்நாட்டு மக்களின் மொழியில் திறக்க வேண்டும். இதுவே எங்கள் கருத்து.

பதுவா என்றதும் கோடி அற்புதர் புனித அந்தோனியார்தாம் நம் நினைவுக்கு வருவார். எங்கள் தாய்மாரும் அவர் ஒருவரை நம்பித்தான் எங்களை விமானம் ஏற்றினார்கள். அந்நகரின் பல்கலைக்கழகம் 1222ஆம் ஆண்டில் தோன்றியது. அறிஞர் கலிலேயோ 1592 முதல் 1610 வரை அங்கே கற்பித்தார். இன்று அங்கே பல முதுகலைப் படிப்புகள் ஆங்கில வழியிலேயே நடைபெறுகின்றன. ஆகவே, “ஆங்கிலம் இருக்க இத்தாலியம் எதற்கு?” என்று எண்ணிச் சென்றோம். எங்கள் முதல் பிழை அதுவே.

நாட்டுக்குள் நுழைந்த எட்டு வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்காக அஞ்சலகத்தில் எண் சீட்டு எடுத்துக் காத்திருந்தோம். எங்கள் முறை வந்ததும் கைபேசியில் ஆங்கிலத்தில் தட்டினோம். அது இத்தாலியத்தில் பேசியது. காய்கறிக் கடையிலும் அப்படித்தான். வேலை நடந்தது. ஆனால் எல்லோரும் கைபேசியோடு பேசினார்களேயன்றி எங்களோடு பேசவில்லை. மாலையானால் அறைக்குள் புகுந்து, கதவைச் சாத்தி, சோறு வடித்து, ஊருக்குப் பேசி, அழுது, உறங்கினோம். “இவர்கள் ஒட்டாத மக்கள்” என்று அம்மாவிடம் குறையும் கூறினோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில், எழுபது வயதைக் கடந்த அந்த மூதாட்டி தனியே வாழ்ந்து வந்தார். படியில் எதிர்ப்படும்போதெல்லாம் “புவோன்ஜோர்னோ” என்பார். நாங்கள் ஒதுங்கி நின்று, தலை குனிந்து, ஒன்றும் பேசாமல் ஏறிவிடுவோம். பெரியவர்முன் அதுதானே நமக்கு அடக்கம்? ஒருநாள் துணிவு கொண்டு, எங்களுக்குத் தெரிந்த ஒரே சொல்லாகிய “சாவ்” என்பதை உரக்கச் சொன்னோம். அவர் முகம் சுருங்கியது. மறுநாளிலிருந்து அவரும் பேசாமலே கடந்து போனார்.

நவம்பர் மாதம் வந்தது. பனிமூட்டம் நகரை மூடியது. எங்களுள் ஒருத்தி கடுங்காய்ச்சலில் மூன்று நாள் எழவில்லை. மற்றவள் மருந்துக்காக ஓடியதை மூதாட்டி கண்டிருப்பார் போலும். மூன்றாம் நாள் கதவு தட்டப்பட்டது. “பெர்மெஸ்ஸோ?” என்ற குரல். ‘உள்ளே வரலாமா?’ என்பது அதன் பொருள். அவர் கையில் மூடிய தட்டு ஒன்று இருந்தது. திறந்தால், வெறும் வெள்ளைச் சோறு! மேலே சிறிது ஒலிவ எண்ணெயும், துருவிய பாலாடைக்கட்டியும். நாம் நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பதைப்போல, அங்கே வயிறு தாங்காதவருக்கு இத்தகைய வெள்ளைச் சோறு கொடுப்பது வழக்கமாம். பீட்சாவும் பாஸ்தாவுமே இத்தாலி என்று எண்ணியிருந்த எங்கள் கண்கள் கலங்கின. ஆனால் “கிராட்சியே” என்ற நன்றிக்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. நாங்கள் யார், எங்கிருந்து வந்தோம், இத்தனை நாள் ஏன் பேசாதிருந்தோம், எதையும் சொல்ல இயலவில்லை. வாயிருந்தும் ஊமைகளாய் நின்றோம்.

எங்களோடு படித்த அந்நாட்டுப் பெண் ஒருத்தி பின்னர் எங்கள் பிழையை விளக்கினாள். இத்தாலியில் கடைக்குள் நுழைந்தாலும், படியில் அண்டை வீட்டாரைக் கண்டாலும், முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாமல் போவது, ‘நீங்கள் எனக்கு ஒரு பொருட்டல்ல’ என்று முகத்துக்கு நேரே கூறுவதற்கு ஒப்பு. “சாவ்” என்பது தோழியருக்கு உரியது. பெரியவருக்குப் பகலில் “புவோன்ஜோர்னோ”, மாலையில் “புவோனா சேரா”. மேலும், ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே ‘யூ’தான். இத்தாலியத்திலோ, நம் ‘நீ’, ‘நீங்கள்’ போலவே ‘தூ’ என்றும் ‘லேய்’ என்றும் இரண்டு உண்டு. மரியாதைக்குத் தனிச் சொல் வைத்திருக்கும் இரு மக்களுக்கிடையே ஆங்கிலத்தைக் குறுக்குச் சுவராக எழுப்பிவிட்டு, அந்த ஒற்றுமையைக் காணாமலே இருந்தோம். எங்கள் மௌனத்தை நாங்கள் அடக்கம் என்று கருதினோம். அவருக்கு அது செருக்காகத் தோன்றியது.

வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க எங்கள் வீட்டு வழக்கம் இடந்தரவில்லை. ரவை வாங்கிக் கேசரி கிளறினோம். நான்கு இத்தாலிய வாக்கியங்களை மனப்பாடம் செய்தோம். கீழே இறங்கி, வாசலில் நின்று, “பெர்மெஸ்ஸோ?” என்றோம். நான்கில் மூன்று வாக்கியங்கள் பிழை! அவர் சிரித்தார், திருத்தினார், அமரச் சொன்னார். அன்றுமுதல் பல ஞாயிறுகளில் எங்கள் மதிய உணவு அவர் மேசையில்தான். ஸ்பகெத்தியைக் கத்தியால் நறுக்கக் கூடாது என்பதையும், தட்டில் எஞ்சிய குழம்பை ரொட்டித் துண்டால் வழித்து உண்பதற்கு ‘ஸ்கார்பெத்தா’, அதாவது ‘சின்னச் செருப்பு’ என்று பெயர் என்பதையும் அங்கேதான் அறிந்தோம். பால் சேர்த்த காப்பி காலையில் மட்டுமே. உணவுக்குப்பின் சிறு கோப்பையில் கருங்காப்பி. அதை வெளியே சென்று குடிக்கும் இடத்துக்கு ‘பார்’ என்று பெயர். பெற்றோர்கள் பதற வேண்டாம்! அங்கே பாட்டிமாரும் குருமாரும்கூட நின்று காப்பி பருகுகிறார்கள்.

வகுப்பிலும் இதே பாடம் எங்களுக்குக் காத்திருந்தது. அந்நாட்டில் பல தேர்வுகள் வாய்மொழித் தேர்வுகள். பேராசிரியரின் எதிரே அமர்ந்து விடை சொல்ல வேண்டும். முப்பதுக்கு 18 எடுத்தால் தேர்ச்சி. பக்கம் பக்கமாக எழுதிப் பழகிய எங்கள் கைகள் ஓய்ந்திருக்க, நா தடுமாறியது. முதல் தேர்வில் எங்களுள் ஒருத்தி பெற்றது 19. பாடம் தெரியாததால் அல்ல; தெரிந்ததைச் சொல்லத் தெரியாததால்.

அப்பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தில், ஒரு படிக்கட்டின் அடியில், ஒரு பெண்ணின் சிலை நிற்கிறது. அவர் பெயர் எலேனா கோர்னாரோ பிஸ்கோப்பியா. இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் முதலிய பல மொழிகளைக் கற்றவர். அவர் இறையியலில் பட்டம் கேட்டபோது, பெண் என்பதால் ஆயர் இசையவில்லை. ஆயினும் 1678 ஜூன் 25 அன்று மெய்யியலில் முனைவர் பட்டம் பெற்றார். அவர் விடையளிப்பதைக் கேட்கத் திரண்ட கூட்டத்தைத் தாங்கப் பல்கலைக்கழக மண்டபம் போதாமல், நகரின் பேராலயத்திலேயே தேர்வு நடந்தது. ஊரே கேட்க வாய் திறந்து பேசிப் பட்டம் வென்ற அவர் சிலையைக் கடக்கும்போதெல்லாம், அந்த 19 மதிப்பெண் எங்கள் நினைவுக்கு வரும்.

புனித அந்தோனியாரும் பதுவாவில் பிறந்தவர் அல்லர் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? அவர் போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரில் பிறந்து, இத்தாலிக்கு வந்து, அம்மக்களிடையே மறையுரையாற்றி, 1231இல் மறைந்தவர். 1263இல் கல்லறையைத் திறந்தபோது அவருடைய நா அழியாதிருந்தது என்பது திருச்சபையின் மரபு. அந்த நாவை இன்றும் பேராலயத்தில் பேழையில் வைத்துப் போற்றுகிறார்கள். வேற்று நாட்டாரான அவரைப் பதுவா மக்கள் பெயர்கூடச் சொல்லாமல் ‘இல் சாந்தோ’, அதாவது ‘புனிதர்’ என்றே அழைக்கிறார்கள்.

அங்கிருந்து இங்கு வந்தவர் ஒருவரும் உண்டு. 1680இல் வட இத்தாலியின் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்த பெஸ்கி அடிகள் தமிழகம் வந்து, தமிழ் கற்று, நம் வீரமாமுனிவர் ஆனார். தேம்பாவணியும் சதுரகராதியும் அவர் தந்தவை. சென்னைக் கடற்கரையில் 1968இல் அவருக்குச் சிலை எழுந்தது. அவர் தம் மொழியே போதும் என்று அறைக்குள் இருந்திருந்தால் தேம்பாவணி ஏது? அவர் நம் மொழிக்குக் காட்டிய மரியாதையில் நூறில் ஒரு பங்கையேனும் நாம் அவர் நாட்டு மொழிக்குக் காட்ட வேண்டாமா?

“அவர்களோடு கலந்து பழகினால் பெண் நம் வழக்கத்தை மறந்துவிடுவாளே” என்று அஞ்சும் பெற்றோர் உண்டு. அந்த அச்சத்தை நாங்கள் இகழவில்லை. எங்கள் வீடுகளிலும் அது இருந்தது. ஆனால் எங்கள் அனுபவம் வேறு. கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாட்களில் நாங்கள் தமிழ்ப் பெண்கள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. கதவைத் திறந்த பிறகே கேசரியும், நம் ‘நீங்க’ளும், வீரமாமுனிவரும் அந்த மேசைக்கு வந்தார்கள். பிறர் தட்டில் உண்டவள்தானே அதை நிரப்பித் திருப்பித் தர முடியும்?

ஆகவே, தங்கைகளே, அயல்நாடு செல்லும் எண்ணமிருந்தால் பயணச்சீட்டு வாங்குமுன் அந்நாட்டு மொழியில் நூறு சொற்களாவது கற்றுக்கொள்ளுங்கள். பிழையாகப் பேச வெட்கப்படாதீர்கள். பெற்றோர்களே, தொலைபேசியில் “சாப்பிட்டாயா?” என்று கேட்டபின், “இன்று யாரோடு பேசினாய்?” என்றும் கேளுங்கள். மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளே, வகுப்பறையில் எழுந்து நின்று பேசும் வாய்ப்பை எங்கள் தங்கைகளுக்கு இன்னும் மிகுதியாகத் தாருங்கள். மாடிப்படியில் மௌனம் இருக்கட்டும். அதன் அருமையை நாங்கள் மறுக்கவில்லை. எதிரே வருபவருக்கு ஒரு வணக்கம் சொல்ல மட்டும் அந்த விதியில் இடம் வேண்டும்.