வேலை பறிபோனால் முதல் கதவு எது?

திடீரென்று வேலையிலிருந்து நிறுத்தப்பட்டால் நம் குடும்பங்களில் பொதுவாக என்ன நடக்கிறது? தெரிந்தவர்களை வைத்து முதலாளியிடம் பேசிப் பார்க்கிறோம். ஜமாஅத் பெரியவர்கள் சொன்னால் கேட்பார் என்று சில மாதங்கள் காத்திருக்கிறோம். அதுவும் பலிக்காவிட்டால், ரிஸ்கு அளிப்பவன் அல்லாஹ் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வேறு வேலை தேடுகிறோம். தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்கலாமே என்ற எண்ணம் வரும்போது ஓரிரு ஆண்டுகள் ஓடியிருக்கும்.

இந்தத் தாமதத்துக்கு இனி நாம் கொடுக்கப்போகும் விலை அதிகம். கடந்த 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 29 பழைய சட்டங்களின் இடத்தில் இவை வந்துள்ளன. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின்படி, வேலைநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி 3 ஆண்டுகளுக்குள் நேரடியாகத் தொழிலாளர் நீதிமன்றத்தை அணுகலாம். புதிய தொழில் உறவுகள் தொகுப்பு அதை 2 ஆண்டுகளாகக் குறைத்துவிட்டது. அதற்கு முன்பாகச் சமரச அலுவலரிடம் மனு கொடுத்து 45 நாட்கள் காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், கையில் இருக்கும் காலம் இன்னும் சுருங்குகிறது.

தொழிலாளர் வழக்கறிஞரின் வேலை நீதிமன்றத்தில் வாதாடுவதுதான் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது காகிதங்களில் தொடங்குகிறது. தேடி வருபவரிடம் அவர் முதலில் கேட்பது, "எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா?" என்பதுதான். பாக்கிச் சம்பளம் வேண்டுமென்றால் ராஜினாமா கடிதத்தில் கையெழுத்திடு என்று சொல்லப்பட்டு, அதை நம்பிக் கையெழுத்திட்டவர்கள் ஏராளம். வற்புறுத்தி வாங்கிய ராஜினாமா செல்லாது என்று வாதாடலாம். ஆனால் வற்புறுத்தல் நடந்ததை நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் தலையில் விழுகிறது. கையெழுத்திடும் முன் ஒரு நாள் அவகாசம் கேட்டு ஆலோசனை பெற்றிருந்தால் அந்தச் சுமையே இருந்திருக்காது.

இரண்டாவது கேள்வி, "வேலை செய்ததற்கு என்ன ஆதாரம்?" என்பது. ஓராண்டில் 240 நாட்கள் வேலை செய்தவருக்கு ஆட்குறைப்பின்போது நோட்டீசும் இழப்பீடும் பெறும் உரிமை உண்டு. ஆனால் 240 நாட்கள் வேலை செய்ததைத் தொழிலாளிதான் நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் கூறியது. சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். கணக்கு, வங்கியில் சம்பளம் வரவான பதிவு ஆகியவைதான் அங்கே பேசும். கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்கிப் பத்தாண்டு உழைத்தவர், சட்டத்தின் முன் ஒரு நாள்கூட வேலை செய்யாதவர்போல் நிற்கும் அவலம் இப்படித்தான் ஏற்படுகிறது.

இத்துறையில் வித்தியாசமான ஒரு விதியும் உண்டு. தொழிலாளர் நீதிமன்றத்தில் ஒரு தரப்புக்காக வழக்கறிஞர் ஆஜராக, எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்றத்தின் அனுமதியும் தேவை. பெரும் கட்டணம் கொடுத்து நிர்வாகம் நிறுத்தும் வழக்கறிஞருக்கு எதிரே தொழிலாளி தனித்து நிற்கக் கூடாது என்பதே இதன் நோக்கம். அதனால் இத்துறை வழக்கறிஞர்கள் தொழிற்சங்கங்களோடு சேர்ந்தே வளர்ந்தார்கள். 'ஜெய் பீம்' படத்தின் மூலம் பலருக்கும் அறிமுகமான நீதிபதி கே.சந்துரு அந்த மரபில் வந்தவர். தொழிலாளர் வழக்குகளை நடத்திய வழக்கறிஞராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய பிறகே அவர் 2006-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார்.

புதிய தொகுப்புகளில் தொழிலாளிக்குச் சாதகமானவையும் இருக்கின்றன. பணி நியமனக் கடிதம் கட்டாயமாகியுள்ளது. வேலையை விட்டு நின்றவருக்கோ நிறுத்தப்பட்டவருக்கோ சேர வேண்டிய சம்பளத்தை 2 வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். குறித்த கால ஒப்பந்தத்தில் வேலை செய்பவருக்கு ஓராண்டிலேயே கிராஜுவிட்டி உண்டு. மறுபக்கம், அரசின் முன் அனுமதி இல்லாமல் ஆட்குறைப்பும் மூடலும் செய்ய 100 தொழிலாளர்களுக்குக் குறைவான ஆலைகளுக்கே முன்பு வழி இருந்தது. இனி 300 பேருக்குக் குறைவான ஆலைகளுக்கும் அந்த வழி திறந்துவிட்டது. குறித்த கால ஒப்பந்தம் முடிந்து ஒருவர் வெளியேறினால் அது ஆட்குறைப்பாகவே கருதப்படாது. ஆக, வேலைக்குச் சேரும் நாளில் கையெழுத்திடும் ஒப்பந்தமே பின்னாளில் வழக்கின் முடிவைத் தீர்மானிக்கும் நிலை உருவாகிறது. வழக்கறிஞரின் ஆலோசனை வேலை போன பிறகு மட்டுமல்ல, வேலையில் சேரும்போதே தேவைப்படுகிறது.

இதில் நம் சமுதாயத்துக்குத் தனிக் கவலை இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பகுதிகளின் தோல் பதனிடும் ஆலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் நம்மவர்கள் முதலாளிகளாகவும் இருக்கிறார்கள், தொழிலாளர்களாகவும் இருக்கிறார்கள். ஜவுளிக்கடை, பிரியாணிக் கடை, மளிகைக் கடை என எங்கும் இதே நிலைதான். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, தொடர்ந்து 6 மாதம் வேலை செய்த ஊழியரை நியாயமான காரணமின்றி நிறுத்த முடியாது. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளமும் தர வேண்டும். எத்தனை கடை முதலாளிகளுக்கு இது தெரியும்? உழைத்தவரின் கூலியைத் தாமதிக்கக் கூடாது என்று ஜும்ஆ உரைகளில் கேட்கிறோம். அதே கவனம் கடையின் கணக்குப் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் முதலாளிக்கும் நல்லதையே செய்கிறார். முறையாக விசாரித்து முறையாக ஆணை கொடுத்தால் பாதி வழக்குகள் பிறக்கவே பிறக்காது.

பிள்ளைகளைச் சட்டம் படிக்க வைக்கும் பெற்றோரும் இத்துறையைப் பற்றி யோசிக்கலாம். தொடக்கத்தில் வருமானம் மெதுவாகத்தான் வரும். மூத்த வழக்கறிஞரிடம் சில ஆண்டுகள் ஜூனியராக இருந்து, சம்பளப் பதிவேடுகளையும் உள்விசாரணைக் கோப்புகளையும் பொறுமையாகப் படிக்கப் பழக வேண்டும். பார் கவுன்சிலில் பதிவு செய்யப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்ததால், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளின் முதல் தடையும் குறைந்திருக்கிறது.

ஜமாஅத்துகளிடம் நாம் வைக்கும் கோரிக்கை எளியது. மாதம் ஒரு நாள், தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பள்ளிவாசல் வளாகத்துக்கு அழையுங்கள். முதலாளியும் தொழிலாளியும் வந்து கேட்கட்டும். குடும்பங்களிடம் சொல்ல வேண்டியதும் அதிகமில்லை. சம்பளக் காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள். புரியாத தாளில் கையெழுத்திடாதீர்கள். வேலை போனால், சமாதானம் பேசும் நாட்களிலேயே வழக்கறிஞரையும் பார்த்துவிடுங்கள். பேசித் தீர்ந்தால் அல்ஹம்துலில்லாஹ். தீராவிட்டாலும், காலம் கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக நம் வீட்டுப் பிள்ளையின் உரிமை போய்விடக் கூடாது.