ஒற்றை விளக்கும் தன்னுருவப் படமும்

மேலைநாட்டார் 'ஒளியால் எழுதுதல்' என்னும் பொருள்படக் கிரேக்கச் சொற்களைக் கொண்டு பெயரிட்ட கலைக்கு நாம் 'நிழற்படம்' என்று பெயர் வைத்தோம். அவர் வைத்தது ஒளியின் பெயர். நாம் வைத்தது நிழலின் பெயர். ஒரு பொருளுக்கு இவ்விரு பெயரும் வாய்த்தமை முரண்போலத் தோன்றும். ஆயினும், பழந்தமிழிலே நிழல் என்னுஞ் சொல் இருளையன்றி ஒளியையும், நீரிலும் கண்ணாடியிலும் தோன்றும் சாயலையும் குறித்து வழங்கியதென்பதை அகராதி புரட்டியோர் அறிவர். ஒளியும் இருளும் சாயலும் ஒரே சொல்லில் அடங்கிக் கிடத்தலின், அப்பெயர் இக்கலைக்கு நன்கு பொருந்துவதேயாம். அப்பெயருக்குப் பொருந்தாதவை இன்று நாம் எடுத்துக் குவிக்கும் படங்கள்.

2020 இலே பாடசாலைகள் மூடப்பட்டு இணையவழி வகுப்புகள் தொடங்கியபின், கைத்தொலைபேசி எட்டாத வீடு நம்மிடையே அருகிவிட்டது. மாணவர் நாள்தோறும் தம் முகத்தைத் தாமே படம் பிடிக்கின்றனர். தன் முகத்தைக் காண விழைதல் மக்கள் இயல்பாகலின் இதனை நாம் குற்றமாகக் கொள்ளவில்லை. ஆனால், படம் பிடித்த மறுகணமே செயலி ஒன்று அம்முகத்தின் வடுவைத் துடைத்து, நிழலை நீக்கி, நிறத்தையும் வெளுக்கச் செய்துவிடுகிறது. வெளுத்த படம் தோழியர்க்கு அனுப்பப்படுகிறது. வெளுக்காத படம் அழிக்கப்படுகிறது. ஒரு நாளிலே பலமுறை தன் முகத்தைத் தானே மறுக்கப் பழகும் பிள்ளை எதனைக் கற்றுக்கொள்கிறது? ஆசிரியர்களாகிய நம்மை உறுத்தவேண்டிய வினா இது. கைத்தொலைபேசியைத் தடுப்பதால் இதற்கு விடை கிடைக்காது. அதே கருவியையும் ஒரேயொரு விளக்கையும் கொண்டு, நிழலை நீக்காமல் தன்னுருவப் படம் ஒன்றை எடுக்கப் பழக்குவதே தக்க விடை என்பது எம் கருத்து.

இக்கலை தொடங்கிய நாளிலேயே தன்னுருவப் படமும் தொடங்கிவிட்டது. 1839 இலே அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், விளக்குச் செய்து விற்கும் குடும்பத்தைச் சேர்ந்த றொபேட் கோணேலியஸ் என்னும் முப்பது வயது இளைஞர், கடையின் பின்புறத்தே வெயிலில் நின்று தம் முகத்தைத் தாமே படமாக்கினார். அதற்கு அவர் கொண்ட கருவி, தாமே செய்த தகரப் பெட்டியும், நாடகம் பார்ப்போர் கையிற்கொள்ளும் தொலைநோக்கியில் அமைவது போன்ற ஒரு வில்லையுமே என்று முதுமையிலே அவர் நினைவுகூர்ந்துள்ளார். துணைக்கு ஆளின்றிப் பெட்டியின் முன் ஓடிவந்து நின்றமையால், அவருருவம் தகட்டின் நடுவில் அமையாது ஒரு புறமாக ஒதுங்கிவிட்டது. தலைமயிர் கலைந்த, கூர்ந்த நோக்குடைய அம்முகம் இன்றும் வாஷிங்ரன் நகரிலுள்ள காங்கிரஸ் நூலகத்திலே காப்பாற்றப்படுகிறது. கருவியின் எளிமையோ உருவம் ஒதுங்கியமையோ அதன் பெருமையைக் குறைக்கவில்லை.

அடுத்த ஆண்டிலேயே தன்னுருவப் படம் நாடகமும் ஆயிற்று. பாரிஸ் நகரத்து நிதியமைச்சிலே எழுதுவினைஞராயிருந்த இப்போலித் பயார் என்பவர், காகிதத்திலே நேராகப் படம் பதிக்கும் முறையொன்றைத் தாமே கண்டுபிடித்திருந்தார். அரசின் மதிப்பும் கொடையுமோ தாகேர் என்பவருக்கே சென்றன. மனம் நொந்த பயார் 1840 இலே, நீரில் மூழ்கி இறந்த பிணம்போலத் தம்மைச் சாய்த்துப் படம் எடுத்து, அதன் பின்புறத்திலே தம் மரணத்தை அறிவிக்கும் குறிப்பையும் தாமே எழுதினார். புறக்கணிப்புக்கு ஆளான எளிய மனிதர் ஒருவர் தம் மனக்குறையை உரைப்பதற்குத் தம் உடம்பையும் வெளிச்சத்தையுமே கருவியாகக் கொண்டமை நம் மாணவர் அறியத்தக்கது.

இவர்களுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வழியை ஓவியத்தில் வகுத்தவர் ஒல்லாந்து நாட்டு றெம்பிரான்ட். ஏறத்தாழ 1628 இலே, தமது இருபத்திரண்டாம் வயதளவில், அவர் தீட்டிய தன்னுருவ ஓவியம் ஒன்று அம்ஸ்ரடாம் நகரிலே உள்ளது. அதிலே கண்களும் நெற்றியும் இருளில் மறைந்திருக்க, ஒரு பக்கக் கன்னமும் காதும் கழுத்துமே ஒளி பெறுகின்றன. கண்கள் தெளிவாகத் தெரியாதபோதும் அவை நம்மை நோக்குவதாகவே உணர்கிறோம். மறைத்தலினாலும் உணர்த்தலாம் என்பது செய்யுள் நயம் கற்றோர்க்குப் புதிதன்று. இறைச்சியும் உள்ளுறையும் அத்தகையனவே. நிழல் என்பது படத்திலே குறைபட்ட இடமன்று, காண்பவன் மனம் தொழிற்படுவதற்கு விடப்பட்ட இடம்.

இனி, கரிய நிறத்தைப் பற்றி ஒரு சொல். கருமேனிக்குப் படம் வாய்க்காது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. முகத்துக்கு நேரே பாயும் வெளிச்சம் எந்த நிறத்தையும் தட்டையாக்கிவிடும். பக்கத்திலிருந்து வருவதோ கருமேனியின் மினுக்கத்தை எழுப்பிக் கன்னத்தின் வளைவையும் நெற்றியின் மேட்டையும் சிற்பம்போற் காட்டும். இதனை இந்நாட்டிலேயே மெய்ப்பித்தவர் 1944 இலே மறைந்த லயனல் வென்ட். அவர் எடுத்த படங்கள் 1950 இலே இலண்டனில் நூலாக வெளிவந்தன. அவற்றிலே நம் நாட்டுழைப்பாளரின் கருமேனி, வெளுக்கப்படாமல், தன் நிறத்தோடே அழகு பெற்று நிற்கிறது. குறை நிறத்தில் இல்லை. விளக்கு வைத்த இடத்திலே உள்ளது.

அவ்விளக்கை எங்ஙனம் அமைப்பது? படிப்பு மேசைக்குரிய விளக்கொன்றும், 9 உவாற்று எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்றும் போதும். காட்போட் மட்டையை உட்புறம் கரிபூசிக் குழலாகச் சுருட்டி விளக்கின் முன் பொருத்தினால் ஒளி சிதறாது ஓரிடத்தில் விழும். தகரப் பேணியையும் சிலர் கொள்வர். மின்கம்பி செல்லும் இடத்திலே தகரம் தீங்கு தருமாதலின் மட்டையே நன்று. இழைக் குமிழ்கள் மிகச் சூடேறித் தாளைப் பற்றவைக்குமாதலின் அவற்றைக் கொள்ளலாகாது. எல்.ஈ.டி. குமிழுக்கும் பின்புறத்தே காற்றுச் செல்ல இடம் விடுதல் வேண்டும். வெளிச்சத்தின் கடுமையைத் தணிக்க வேண்டின், குழலைக் கழற்றிவிட்டு, விளக்குக்கும் முகத்துக்கும் இடையே வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடியிலே தொங்கவிடலாம். ஒளி வரும் பரப்பு விரிய விரிய நிழலின் ஓரம் மென்மையாகும். இருண்ட கன்னத்தைச் சிறிது தெளிவிக்க விரும்பினால், பொருள்கள் பொதிந்துவரும் றெஜிபோம் பலகை ஒன்றை மறுபுறத்தே நிறுத்தினாற் போதுமானது.

பின்னணி இருளாக அமையக் கரிய திரை தேடவேண்டியதில்லை. தூரம் இருமடங்கானால் ஒளி நாலிலொன்றாகக் குறையும் என்பது விஞ்ஞான பாடத்தில் வரும் விதி. விளக்கிலிருந்து முகம் 2 அடியிலும் சுவர் 8 அடியிலும் இருப்பின், சுவருக்குக் கிடைப்பது முகத்துக்குக் கிடைக்கும் ஒளியின் பதினாறில் ஒரு பங்கே. கைத்தொலைபேசியை ஏறத்தாழ 5 அடி தூரத்திலே, புத்தக அடுக்கின்மேற் சாய்த்து, பின்புற வில்லையாற் படம் பிடித்தல் வேண்டும். கைநீட்டி ஓரடித் தூரத்தில் எடுக்கும் படம், 5 அடியிலிருந்து எடுப்பதைக் காட்டிலும் மூக்கை ஏறத்தாழ 30 வீதம் அகலமாகக் காட்டும் என்று 2018 இலே அமெரிக்க மருத்துவர் சிலர் கணக்கிட்டு வெளியிட்டனர். தம் மூக்கை வெறுக்கும் இளைஞர் பலர் வெறுப்பது தம் மூக்கையன்று, அவ்வோரடித் தூரத்தையே என்க. தம் இடத்திலே தோழர் ஒருவரை இருத்தி, திரையிலே அவர் முகத்தைத் தொட்டுக் குவியத்தை நிலைப்படுத்தி, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து, 10 செக்கன் தாமதம் வைத்துச் சென்று அமர்ந்தால் வேலை முடிந்தது.

பின்னர் விளக்கை மூன்றிடங்களில் வைத்து மூன்று படம் எடுக்கச் செய்க. கீழிருந்து வரும் ஒளி அச்சம் தரும். பந்தத்தின் ஒளியிலே கூத்துப் பார்த்த முதியோர் இதனை நன்கறிவர். நேர் மேலிருந்து வரும் ஒளி கண்குழியை இருளாக்கித் துயரத்தைக் காட்டும். ஒரு பக்கமாக, தலைக்குச் சற்று மேலே விளக்கிருப்பின், மறுபுறக் கன்னத்திலே கண்ணுக்குக் கீழ் முக்கோணமாக ஒரு சிறு வெளிச்சம் விழும். இதனை றெம்பிரான்ட் ஒளி என்றே படப்பிடிப்பாளர் வழங்குவர். பெருமிதத்துக்கு உரியது இது. முகம் ஒன்றே, விளக்கின் இடம் மாற மெய்ப்பாடும் மாறுகிறது. மெய்ப்பாட்டியலை நெட்டுருப்பண்ணி ஒப்புவிக்கும் மாணவன், மெய்ப்பாடு என்பது புறத்தே புலப்படுவது என்னும் உண்மையை அன்றைக்கு ஒரு நாழிகையிலே கண்ணாற் காண்பான்.

இது தமிழாசிரியருக்கு உரிய வேலையா என்று சிலர் வினவுவர். தன்னுருவப் படம் தற்பெருமையை வளர்க்கும் என்பாரும் உளர். பரீட்சை நெருங்குகையில் இதற்கு ஏது நேரம் என்பாரும் உளர். தற்பெருமை வளர்வது பொய்ம்முகத்தைப் பார்த்துப் பார்த்தே. தன் முகத்தின் வடுவையும் களைப்பையும் அமைதியாக நோக்கும் பிள்ளைக்கு அடக்கமே வளரும். தன்வரலாறு எழுதுவோனிடத்தே நாம் எதிர்பார்க்கும் நேர்மையும் இதுவன்றோ? நேரத்தைப் பற்றி ஐயுறுவோர், மாணவர் தம் முகத்தை வெளுப்பதிற் செலவிடும் பொழுதைக் கணக்கிட்டுப் பார்ப்பாராக.

ஆகவே, பாடசாலைத் தமிழ் மன்றங்களுக்கு நாம் ஒன்று விதந்துரைக்கின்றோம். தவணைக்கு ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்குக. விரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் ஒற்றை விளக்கினால் தம் முகத்தைப் படமெடுத்து, அதன்கீழ் தாம் கண்டதைப் பத்து வரியில் எழுதட்டும். செயலியால் திருத்திய படம் கொள்ளப்படலாகாது. பரிசும் இடவரிசையும் வேண்டா. முகங்களுள் முதலிடம் இரண்டாமிடம் வகுப்பது நாம் ஒழிக்க விழையும் நோயையே மீண்டும் வளர்க்கும். மாணவரும் பெற்றோரும் இசைந்தாலன்றி ஒரு படத்தையேனும் வெளியிடலாகாது. இணையத்தில் ஏற்றுதல் எவ்வாற்றானும் கூடாது.

2022 இலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் தடைப்பட்ட காலத்தில், நம் பிள்ளைகள் ஒரு விளக்கைச் சூழ்ந்திருந்து படித்தனர். அன்று அவ்விளக்கொளியில் பாதி வெளிச்சமும் பாதி நிழலுமாக நாம் கண்ட அவர்தம் முகங்களில் எதுவும் அழகிற் குறைந்திருக்கவில்லை. அதனை அவர்களும் தாமே கண்டறிய வகைசெய்தல் ஆசிரியர் கடன்.