சாவிலும் மேல்கீழா?

2008 நவம்பர்த் திங்கள் இறுதி. மேற்கு மாம்பலத்துத் தெருக்களில் மழைநீர் தேங்கிக் கிடந்தது. நிசாப் புயல் தமிழ்நாட்டை அலைக்கழித்து, நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த நாள்கள் அவை. ஆயினும், வாயிலில் நீரும் வீட்டுக்குள் தொலைக்காட்சியுமாக இருந்த மக்களுக்கு வடநாட்டுச் செய்தி நிறுவனங்கள் ஓயாது காட்டியது ஒரே காட்சி: மும்பைத் தாசுமகால் விடுதியின் குவிமாடத்தினின்று எழுந்த புகை!

நவம்பர் 26 இரவில் தொடங்கிய அக்கொலைவெறித் தாக்குதல் ஏறத்தாழ அறுபது மணி நேரம் நீடித்தது. 166 பேர் மாண்டனர். அதற்குக் கலங்காதவன் மாந்தனே அல்லன். புயற்சாவை ஒருபுறம் விடுக. அத்தாக்குதலிலேயே மற்றெந்த இடத்தைக் காட்டிலும் மிகுதியான உயிர்கள் வீழ்ந்தது எங்கே? விடுதியிலா? அன்று, சத்திரபதி சிவாசி தொடர்வண்டி நிலையத்தில்! மூட்டை முடிச்சுகளோடு ஊர் செல்லக் காத்திருந்த எளிய மக்கள் ஐம்பதுக்கு மேற்பட்டோர் அங்கே சுட்டு வீழ்த்தப்பட்டனர். ஆயின், படக்கருவிகள் நாள்கணக்கில் நிலைகொண்டதோ செல்வர் தங்கும் விடுதிகளின் வாயில்களில்! மாம்பலம் நிலையத்தில் நாள்தோறும் மின்தொடர்வண்டிக்குக் காத்து நிற்கிறானே, அவனை ஒத்தவனே அந்நிலையத்தில் மாண்டவன். அவன் சாவு ஓர் எண்ணிக்கையாயிற்று. விடுதியில் மாண்டவர் சாவு வரலாறாயிற்று. சாவிலும் மேல்கீழா?

இஃது இந்நாட்டோடு நிற்கும் நோயன்று. 2015 நவம்பர் 12-இல் பெய்ரூத்து நகரில் குண்டுகள் வெடித்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மறுநாளே பாரிசில் 130 பேர் கொல்லப்பட்டனர். பாரிசுக்காக உலகத் தலைநகரங்களின் கட்டடங்கள் பிரான்சுக் கொடியின் மூவண்ணத்தில் ஒளிர்ந்தன. முகநூல் அக்கொடியைத் தன் பயனர்தம் படங்களின்மேல் போர்த்திக்கொள்ள வழி செய்தது. பெய்ரூத்துக்கு அவ்வழி இல்லை. அவ்வாண்டு ஏப்பிரல் 2-இல் கென்யாவின் கரிசாப் பல்கலைக்கழகத்தில் 148 பேர் கொல்லப்பட்டனர், பெரும்பாலோர் மாணாக்கர். அவ்விளைஞர்களுக்காக எத்தனை நாட்டுத் தலைவர்கள் தெருவில் இறங்கி நடந்தனர்?

‘அண்மையிலுள்ளோர் துயரே நெஞ்சைத் தொடும், தொலைவிலுள்ளது தொடாது, இஃது இயல்பு’ என்று விடை கூறுவோர் உளர். அவ்விடை மெய்யாயின், சென்னைக்கு அண்மையிலிருப்பது எது? யாழ்ப்பாணம் நானூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவு. மும்பை ஆயிரம் கிலோமீட்டர். பாரிசோ கடல்களுக்கு அப்பால்! 1995 சூலை 9-இல் யாழ்ப்பாணத்து நவாலியில், தூய பேதுரு கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழ் மக்கள்மீது சிங்கள அரசின் வானூர்திகள் குண்டு வீசின. குழந்தைகளும் பெண்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதாகக் கணக்கிடப்பட்டது. எக்கோபுரம் அன்று விளக்கணைத்தது? அதே தீவில் 2019 ஏப்பிரல் 21-இல், உயிர்த்த ஞாயிறன்று, கோயில்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260-க்கு மேற்பட்டோர் மாண்டபோது ஈபெல் கோபுரம் விளக்கணைத்துத் துயர் காத்தது. அது தவறன்று, செய்யத்தக்கதே. நவாலிக்குச் செய்யாமையே தவறு. குண்டை வைத்தவன் குழுவினனாயின் கொடுமை. வானினின்று வீசியது அரசாயின் ‘படை நடவடிக்கை’! கொலைக்குப் பெயர் சூட்டும்போதே பாதி உண்மை புதைக்கப்பட்டு விடுகின்றது.

இதன் வேர் எங்கே? உலகச் செய்திகளைத் திரட்டி விற்கும் முகமைகளுள் இராய்ட்டர் இலண்டனிலும், ஏ.எப்.பி. பாரிசிலும், ஏ.பி. நியூயார்க்கிலும் தலைமையகம் கொண்டுள்ளன. அவற்றின் செய்தியாளர் மிகுந்துள்ள நகரின் துயரம் நொடியில் உலகத் துயராகின்றது; அவர் இல்லாத ஊரின் துயரம் அவ்வூர் இடுகாட்டோடு முடிகின்றது. அம்முகமைகள் விடுப்பதைத் தமிழேடுகள் மொழிபெயர்த்து இடுகின்றன. எனவே, அவர்தம் அளவுகோலே தமிழன் கண்ணீருக்கும் அளவுகோலாகி விட்டது. கண் தமிழனுடையது, அது எப்போது கலங்க வேண்டும் என்று முடிவு செய்பவன் வேற்றவன்! இதனினும் இழிந்த அடிமைத்தனம் வேறு உண்டா?

தமிழன் தன் புண்ணை மட்டும் காட்டிப் பிறர் புண்ணை மறைப்பானாயின், அவன் கைக்கோலும் கள்ளக்கோலே. 1990 ஆகத்து 3-இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முசுலிம்கள் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டோர் தமிழ் பேசுவோர். குற்றச்சாட்டோ விடுதலைப் புலிகள்மீது. புலிகள் மறுத்தனர், ஆயினும் அக்குற்றச்சாட்டு இன்றளவும் நிற்கின்றது. நவாலிக்கு அழும் தமிழருள் காத்தான்குடிக்கும் அழுதவர் எத்தனை பேர்? இவ்வினாவுக்கு நாணாதவனுக்குப் பாரிசைக் குறை கூறும் உரிமை இல்லை.

எனவே தமிழர்களே, நாளேட்டைக் கையிலெடுக்கும் காலையில் கேளுங்கள்: மாண்டோர் எத்தனை பேர்? எவ்வூரினர்? கொன்றவர் எவர்? எதற்காக எட்டாம் பக்கத்து மூலையில் நான்கு வரி? மடல் எழுதுங்கள், விடை வரும்வரை எழுதுங்கள். தமிழேடுகளும் தொலைக்காட்சிகளும் யாழ்ப்பாணத்திற்கும் மட்டக்களப்புக்கும் தங்கள் செய்தியாளர்களை விடுக்க வேண்டுமென்று வற்புறுத்துங்கள். மும்பை நிலையத்தில் மூட்டையோடு வீழ்ந்தவனுக்கும், நவாலியிலும் காத்தான்குடியிலும் வீழ்ந்தோர்க்கும், பெய்ரூத்திலும் பாரிசிலும் வீழ்ந்தோர்க்கும் ஒரே நிறைகோல் பிடிக்கும் நாளே தமிழன் நெஞ்சு விடுதலை பெற்ற நாள்!